அண்ணன் குடித்த சுருட்டைத் தேடி எழுமலை வரை

போன மாதம் அண்ணனுக்கு வருஷப் படையல். அதற்காகத்தான் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் ஏறினேன். கோயில், அருவி, பரோட்டாக் கடை என்று எழுதிக்கொண்டிருந்த ஆள் சுருட்டு வாங்கப் போன கதையை எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் சாமிக்கும் சுருட்டு படைப்பார்கள், செத்துப்போனவருக்கும் படைப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து எந்தக் கடையில் எதை வாங்குவது என்று முழிக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காவது உதவட்டும்.

எழுமலையில் இருக்கும் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, ஒரு வாரம் முன்பே போனில் பிடித்துக்கொண்டார். "தம்பி, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிர்றேன். சுருட்ட மட்டும் நீங்க வாங்கிட்டு வாங்க. அவரு குடிச்சதாவே இருக்கணும்" என்றார். என்ன சுருட்டு என்று கேட்டால் தெரியவில்லை. அண்ணன் உதிரியாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார், பெயரும் கிடையாது, காகிதப் பட்டையும் கிடையாது. "வாடைய வச்சுத்தான் எனக்குத் தெரியும். துணியெல்லாம் தொவச்சுத் தொவச்சு இப்ப வீட்ல அவரு வாடையே இல்ல. நீங்க பாட்டுக்கு எதையாச்சும் வாங்கிட்டு வந்து வச்சீங்கன்னா, வேற ஆம்பள வாடையாவுல்ல இருக்கும்?" சரி மதினி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அண்ணன் எந்தக் கடையில் வாங்குவார் என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

ரயில் காலை ஆறு மணிக்குச் சேர்ந்துவிட்டது. கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகள் திறக்க ஒன்பதரை ஆகும், அவசரப்பட்டுப் போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் போன கடையில் பாய் ஒருவர் இருந்தார். "சாமிக்கா?" என்றார். அண்ணனுக்கு என்றேன். "அவரையும் கூட்டியாந்திருக்கலாம்ல, புடிச்சதப் பாத்து எடுத்திருப்பாரே."

"இல்ல பாய், மவுத்தாயிட்டாரு. வருஷப் படையல்."

அவர் சுருட்டுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அப்ப எதையும் ரெண்டு ரெண்டா எடுங்க. ஒண்ணு நீங்க பத்தவச்சுப் பாக்க, ஒண்ணு படைக்க. வாயில வச்சதப் படைக்க மாட்டீங்கள்ல" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. திண்டுக்கல் புகையிலையில் சுற்றியது ஒரு சோடி, உறையூர்ச் சுருட்டு ஒரு சோடி வாங்கினேன். ஒன்று இருபது ரூபாய்க்கு உள்ளேதான்.

விலை குறைந்த சுருட்டென்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று நொறுங்கினால் காய்ந்துபோனது, வைத்துவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் பொதபொதவென்றிருந்தால் உள்ளே இலை சரியாக இல்லை, பாதியில் ஒரு பக்கமாக எரியும். பற்றவைத்தபின் புகையை வாயிலேயே நிறுத்துங்கள், நெஞ்சுக்குள் இழுத்தால் தலை சுற்றிவிடும். நல்ல சுருட்டின் காரம் நாக்கின் நடுவில் மிளகு மாதிரி உறைக்கும், தொண்டையைக் காந்தாது. சாம்பல் உடனே உதிராமல் ஒரு விரற்கடையாவது நிற்க வேண்டும்.

இந்தச் சோதனையெல்லாம் காளவாசலில் என் கூட்டாளி வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. திண்டுக்கல் சுருட்டில் காரம் இருந்தது, மணமில்லை. உறையூர்ச் சுருட்டில் மணம் இருந்தது, இழுவை கட்டை, உறிஞ்சினால் புகை லேசில் வரவில்லை. இரண்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிற வாடை இல்லை. அண்ணனுடையதில் காரத்துக்குப் பின்னால் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசம் வரும். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கூட்டாளி, "மாப்ள, ஊரெல்லாம் தேடுறியே, உங்கண்ணன் லோடு எறக்கிட்டு வரும்போது சமயநல்லூர்ல நிறுத்தாம வந்ததே இல்லடா" என்றான். அண்ணன் சின்ன லோடு வண்டி வைத்து திண்டுக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்தப் பயல்.

அவன் பைக்கை வாங்கிக்கொண்டு போனேன். சமயநல்லூர் அரைமணி நேரம். ரோட்டோரப் பெட்டிக்கடையில் நடுத்தர வயது அக்கா ஒருவர் இருந்தார். லோடு வண்டி ஓட்டுவார், மீசை வைத்திருப்பார், உதிரிச் சுருட்டு வாங்குவார் என்று நான் முடிப்பதற்குள், "அந்த அண்ணனா? என்ன, ஆளையே காணாம்? வேற ரூட்டு கெடச்சிருச்சோ?" என்றார் சிரித்துக்கொண்டே. மாரடைப்பு, போன வருஷம் என்றேன். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அக்கா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சுருட்டு பதினைந்து ரூபாய். மூன்று வாங்கி, ஒன்றைக் கடைக்குப் பின்னால் நின்று பற்றவைத்தேன். மிளகுக் காரம், அதன் பின்னாலேயே வெல்லப்பாகு. புகையில் கண் கலங்கியது என்று எழுதலாம், ஆனால் பொய். அழுதேன்.

அங்கிருந்து நான்குவழிச் சாலையைப் பிடித்து நாகமலை, செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக எழுமலை. மதுரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு, அங்கே மாறிக்கொள்ளலாம். மற்ற யோசனைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் இருக்காது. சுருட்டை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் காயவிடாதீர்கள், காகிதத்தில் சுற்றித் தோள்பையில் வையுங்கள். தீப்பெட்டி எடுத்துப்போங்கள். ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, ஜெயித்துவிட்ட தெனாவட்டில் ஒன்றைப் பற்றவைத்தேன். மதினி மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது இல்ல தம்பி."

"மதினி, அண்ணன் வாங்குற கடையில வாங்குனது. அதே சுருட்டு."

"இம்புட்டு நெடி அடிக்காது. அவரு வாடை இது இல்ல."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நாளைக்குப் படையல், இனி எங்கே போய்த் தேடுவது? மதினி கொஞ்ச நேரம் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவரு வீட்டுக்குள்ள என்னைக்குக் குடிச்சாரு? நாந்தான் விட மாட்டேனே. வெளிய வண்டிகிட்ட உக்காந்து குடிப்பாரு, நான் உள்ள சோறாக்கிக்கிட்டு இருப்பேன். நீங்க அங்க போயி உக்காருங்க தம்பி" என்றார்.

வண்டியை விற்றாயிற்று. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து இழுத்தேன். காற்று வீட்டுப் பக்கமாகத்தான் அடித்தது. புகை மெதுவாக அடுப்படிச் சன்னலுக்குள் போனது. உள்ளே குழம்பு தாளிக்கிற சத்தம், தட்டு எடுக்கிற சத்தம். மதினி எதுவும் சொல்லவில்லை. இதுவும் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கால்வாசி எரிந்திருக்கும்.

"எம்புட்டு நேரந்தான் அதையே உறிஞ்சிக்கிட்டு இருப்பீக? சோறு ஆறுது, வாங்க."

தம்பி என்று சொல்லவில்லை. என்னை அந்தக் குரலில் மதினி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே குரல்.

உள்ளே கரண்டி விழுந்தது. பிறகு மதினி அழுதார். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. போய்த் தேற்றலாம் என்று எழுந்தேன். எழுந்தால் புகை நின்றுவிடும். திரும்ப உட்கார்ந்துகொண்டேன். அது தீர்ந்ததும் படையலுக்கு வைத்திருந்ததைப் பற்றவைத்தேன். மதினி அழுது முடிக்கும்வரை அணைக்கவில்லை.