ஏலக்காய் வாசம் எங்கே தங்கியது

ஏலப்பாறைக்குக் கீழே ஒரு சின்ன ஆலை. வெந்நீரில் போட்டதும் கரைந்துவிடும் தேயிலைத்தூள் அங்கே தயாராகிறது. அதைக் குடித்துப் பார்ப்பதுதான் கத்தரீனாளின் வேலை. மூட்டை கட்டும் முன் ஒரு சிட்டிகை எடுத்துக் கலக்கி, ஒரு வாய் உறிஞ்சி, "போகலாம்" என்பார், இல்லையென்றால் "நிறுத்துங்க" என்பார்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கத்தான் சேர்ந்தார். மழையில் சரிவில் விழுந்து முழங்கால் கெட்ட பிறகு, ஆலையில் கோப்பை கழுவ வைத்தார்கள். கழுவும் முன் மிச்சத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டு திட்ட வந்த மேலாளரே, அவர் சொன்ன ருசிக் குறைகள் சரியாக இருந்ததால், கடைசியில் அவரை ருசி அறையில் உட்கார வைத்தார்.

ஆலை நடுவே மூன்று மாடி உயரத்துக்கு ஓர் எஃகு உருளை நிற்கிறது. டவர் என்பார்கள். அதன் உச்சியிலிருந்து தேயிலைச் சாற்றைத் தூறலாகத் தெளிப்பார்கள். உள்ளே சூடான காற்று சுழலும். அடியில் தூள் வந்து கொட்டும். சாறு தூளாக எவ்வளவு நேரம் ஆகும் என்று மலையாளிப் பொறியாளர் ஷிஜியிடம் கேட்டார் கத்தரீனாள்.

"உள்ளே போய் வெளியே வர அரை நிமிஷம்கூட ஆகாது, சேச்சி."

கத்தரீனாளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. தலைமுடியை அள்ளி முடிவதற்குள் ஈரம் தூளாகிவிடுகிறதே!

இந்தக் கணக்கை ஏலக்காய் கெடுத்தது. ஒருநாள் ஏலக்காய்த் தேநீர்த்தூள் ஓட்டினார்கள். மறுநாள் காலை சாதாரணத் தூள். முதல் கோப்பைகளில் ஏலக்காய் லேசாக மணத்தது, பிறகு போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து குடித்தால், மறுபடியும் ஏலக்காய்! கூடவே ஒரு தீய்ந்த வாடை.

கோப்பையோடு ஷிஜியிடம் போனார். "அரை நிமிஷத்துல வந்துருதுன்னு சொன்னீகளே மேடம். நேத்துப் போட்ட ஏலக்காய் இன்னிக்கு எங்கிருந்து வருது?"

ஷிஜியும் குடித்துப் பார்த்தார். சாறு வைக்கும் தொட்டியைக் கழுவச் சொன்னார். மணம் போகவில்லை. "வெளியே வர்ற குழாய்ல தங்கியிருக்கும்" என்றார்.

"எனக்கென்னவோ அடியில, கூம்பாட்டம் இருக்குல்லா, அங்கதான் கெடக்கும்னு தோணுது."

"நோக்கிடலாம், சேச்சி."

டவரைக் கழுவுவதற்காக நிறுத்தவிருந்த சனிக்கிழமை காலை, தேயிலைக்குப் பதில் வெள்ளை மாவுக் கரைசலை ஓட்டினார்கள். அடியில் வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியதும், ஒரு செம்பு பீட்ரூட் சாற்றைக் கரைசலில் ஊற்றினார் ஷிஜி. கத்தரீனாள் தூள் விழும் இடத்தில் கண் கொட்டாமல் நின்றார். சட்டென்று இளஞ்சிவப்பாக விழுந்தது, அடர்ந்தது, வெளுத்தது. மறுபடி வெள்ளை.

"அவ்வளவுதானே?" என்றார் ஷிஜி.

"இருங்க மேடம். ஏலக்காய் மத்தியானந்தான வந்துச்சு."

நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாலில்லாத கட்டஞ்சாயா வந்தது, பேச்சு பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் போனது. வெகுநேரம் கழித்து, வெள்ளைத் தூளின் நடுவே ஒரு சிவப்புச் சில்லு வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

டவர் ஆறியதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார்கள். குழாய் சுத்தமாக இருந்தது. கூம்பும் சுத்தம். மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரைச் சுற்றி ஒரு பட்டை படிந்திருந்தது. சுழல்காற்று ஈரம் காயாத துளிகளை அங்கே கொண்டுபோய் அடித்திருக்கிறது. ஒட்டிய துளிமேல் துளி ஏறி, கனம் தாங்காதபோது பெயர்ந்து விழுகிறது.

"ரெண்டு பேரும் தோத்தோம்" என்று சிரித்தார் கத்தரீனாள். ஏணியில் ஏறிய தொழிலாளி சுரண்டிக் கொடுத்த துண்டில் மேலே வெள்ளை, நடுவே சிவப்பு, அடியில் கரும்பழுப்பு. பழுப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இந்தா இருக்கு ஏலக்காய். தீஞ்சுபோய்க் கெடக்கு, பாவம்."

அதன்பிறகு ருசி மாற்றும்போதெல்லாம் ரப்பர் சுத்தியலால் அந்தப் பட்டை படியும் உயரத்தில், டவரின் தோள்பட்டையை வெளியிலிருந்து தட்டி, உதிர்வதைத் தனியாக ஒதுக்குகிறார்கள். சாதாரணத் தூளில் ஏலக்காய் மணப்பது நின்றது.

கத்தரீனாளின் கேள்வி நிற்கவில்லை. "சுவர்லயும் ஒட்டாம, கீழயும் விழாம, காத்தோட சுத்திக்கிட்டே இருக்கறதும் உண்டுமா மேடம்?"

ஷிஜி யோசித்தார். "உண்டாகும். எவ்வளவு நேரம் சுத்தும்னு எனக்கும் அறியாது."

அன்று மாலை இதைக் கணவர் சிலுவைராஜிடம் சொன்னபோது, அவர் ரேடியோவை அணைத்தார். "அடுத்தவாட்டி பீட்ரூட் ஊத்தும்போது சொல்லு. நானும் வந்து பாக்கேன்."