ஒரு கன்னம் பாக்கி

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் என் மளிகைக் கடைக்கும் வைரவனின் சலூனுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருக்கிறது. அதனால் இருபது வருடமாக அவருடைய அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும் நான் இலவசமாகக் கேட்டு வருகிறேன். கேட்காமலிருக்க ஏதாவது வழி இருந்திருந்தால் காசு கொடுத்தாவது வாங்கியிருப்பேன்.

வைரவன் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மனைவி இறந்து பதினோரு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. சலூனுக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறையில்தான் சமையலும் படுக்கையும். பத்திரிகையில் விஞ்ஞானச் செய்தி என்று எது வந்தாலும் ஓர் எழுத்து விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் நம்பமாட்டார்.

"மேல போன ராக்கெட்டு திரும்பி வந்து கெளம்புன எடத்துலயே நிக்குதாம். நம்ம ஹட்டன் பஸ்ஸே ஸ்டாண்டுல ஒழுங்கா நிக்க மாட்டேங்குது" என்பார். செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் தேடுகிறார்கள் என்று வந்தால், "மொதல்ல நம்ம லயத்து வீட்டுப் பைப்புல தேடச் சொல்லுங்க" என்பார்.

முன்பெல்லாம் இதற்குச் சிரிக்கவும் சண்டை பிடிக்கவும் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது நாற்காலியில் உட்காருகிறவர்கள் போர்த்திய துணிக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு தலையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் பேசுவார், கத்தரிக்கோல் பேசும், வேறு சத்தம் இருக்காது.

மிச்சமிருந்த ஒரே ஆள் கஜேந்திரன். மின்நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் தனி ஆள்தான். மகன் விஜிதரன் கொழும்பில். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சவரத்துக்கு வருவார், பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்து போவார். இருவருக்கும் நடுவில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. மனிதன் நிலாவுக்குப் போனானா, இல்லையா?

"மிஷினு போவும்ணே. இந்தியாக்காரன் அனுப்புனான், எறங்கிச்சு, ஒத்துக்கிறேன். ஆளு போனதுதான் பொய். போய் எறங்குனவன் அம்பது வருஷமா ஏன் திரும்ப எறங்கல?"

"செலவு தாங்காம நிறுத்திட்டான் வைரவா. நீயுந்தான் சலூனுக்கு வெள்ளையடிக்கணும்னு பத்து வருஷமா சொல்ற. அதுக்காக மொத தடவ அடிச்சது பொய்யாயிருமா?"

இதையே வாராவாரம் சொல்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மனப்பாடம்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை அது கெட்டது. கஜேந்திரனுக்கு வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் நுரை. அவர் துணிக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்தார். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுமாம். அதனிடம் கேட்டார். "ஆம். மனிதர்கள் 1969ஆம் ஆண்டு நிலவில் தரையிறங்கினார்கள்" என்று செய்தி வாசிக்கிற பெண் மாதிரி அது சொல்லிற்று. கஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார். பலகைக்கு இந்தப் பக்கமிருந்து நானும் சிரித்துத் தொலைத்தேன். அது சலூனுக்குள் கேட்டிருக்கும்.

"நம்ம ரெண்டு பேரு பேச்சுல மூணாவது எதுக்குண்ணே?" என்றார் வைரவன்.

"யாராச்சும் தீர்ப்பு சொல்லணும்ல?"

"அப்ப மிச்ச சவரத்தையும் அதுகிட்டயே செஞ்சுக்குங்க."

கத்தியை மடித்து வைத்துவிட்டார். கஜேந்திரன் நுரையைத் துவாயால் துடைத்துக்கொண்டு, ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் நரை முள்ளாகவும் கடைத்தெருவே பார்க்க நடந்து போனார். அதற்குப் பிறகு வரவில்லை. தாடி விட்டார். கேட்டவர்களிடம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னாராம். அப்போது சித்திரை மாதம்.

வைரவனுக்கும் வீம்பு. ஆனாலும் சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்காலியைத் துடைத்து வைப்பார். வேறு யாராவது வந்தால் பெஞ்சில் காத்திருக்கச் சொல்வார். பிறகு ஹட்டனுக்குப் போய் அதே மாதிரி ஒரு போன் வாங்கி வந்தார். சாயங்காலங்களில் அதனோடு அவர் வாதாடுவது எனக்குக் கேட்கும். ஒரு வாரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

"கோவமே வர மாட்டேங்குது மொதலாளி. நல்ல கேள்விங்குது. நாலு திட்டு திட்டிப் பாத்தேன், மன்னிப்புக் கேக்குது. அதுகூட என்னத்தப் பேசுறது?" என்றார். அன்றைக்குத்தான் அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, விடாத மழை. கஜேந்திரனின் பக்கத்து வீட்டு ஜீவராணி கோதுமை மா வாங்க வந்தவள் செய்தி சொன்னாள். அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டதாம், பேச்சு இல்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாகிறதாம். நாளைக்குக் காலையில் மகன் வேன் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டு போகிறானாம். இனி இங்கே வரமாட்டார் போல என்றாள்.

நான் சலூனுக்குப் போய்ச் சொன்னேன். வைரவன் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

"எப்புடிப் போறது? நான் சவரப் பெட்டியத் தூக்கிட்டு ஒரு வீட்டு வாசலுக்குப் போனா எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் பக்கத்தில் சவரம் வேண்டுமானால் ஆட்கள்தான் கடைக்கு வருவார்கள். பெட்டி வீடு தேடிப் போவது சாவுக்கு மட்டும், கொள்ளி வைக்கிற மகனுக்குத் தலை மழிக்க.

"பெட்டி இல்லாம போங்களேன்."

"வெறுங்கையோட போயி என்னா செய்ய? ஒரு கன்னம் பாக்கி கெடக்கு மொதலாளி."

நானும் கூட வருகிறேன், யாராவது கேட்டால் நான் விளக்கம் சொல்கிறேன் என்றேன். அதைவிட முட்டாள்தனமான யோசனை இருக்க முடியாது. சாவு வீட்டுக்குக் கற்பூரமும் கோடித் துணியும் போவது என் கடையிலிருந்துதான். நோயாளிக்கென்று பிஸ்கட்டும் மால்ட்டும் கட்டிய பொட்டலத்தோடு நானும், பெட்டியோடு வைரவனும் ஒரே குடையில் சரிவில் இறங்கினோம். பைப்படியில் நின்ற ஜீவராணி எங்களைப் பார்த்தாள், வாளியைப் போட்டாள், "ஐயோ அண்ணே, போயிட்டீங்களா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அடுப்படியில் நின்ற விஜிதரன் அலறிக்கொண்டு அப்பாவின் அறைக்கு ஓடினான்.

"யாருக்கும் ஒன்னுமில்ல, சவரத்துக்கு வந்திருக்கோம்" என்று நான் மழையில் நின்று கத்தினேன். ஜீவராணி அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஏசத் தொடங்கினாள்.

கஜேந்திரன் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண்ணில் மட்டும் பழைய ஆள் இருந்தார். வெளியே அழுத சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. பெட்டியைப் பார்த்தார், பிறகு வைரவனைப் பார்த்தார்.

வைரவன் சுடுதண்ணீர் கேட்டு வாங்கினார். கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, நுரை போட்டு, இடது கன்னத்தில் ஆரம்பித்தார். உணர்ச்சியற்ற பக்கம் அதுதான். கத்தி போகப் போகப் பேச்சும் வந்தது. ராக்கெட்டு வந்தது, ஹட்டன் பஸ் வந்தது, வானத்தில் மாலை மாதிரி வரிசையாகப் போகிற சட்டலைட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பதில் வர வேண்டிய இடம் அது.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. போனாங்க. எறங்குனாங்க. நான் ஒத்துக்கிறேன்" என்றார்.

கஜேந்திரனின் கண்கள் நிறைந்து வழிந்தன. போர்வைக்குள்ளிருந்து வலது கை வந்து கத்தி பிடித்த மணிக்கட்டை இறுகப் பிடித்தது. சந்தோஷம் என்று நான் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பயம் என்று தெரிந்தது. வாசலில் ஒப்பாரி, கட்டிலருகில் பெட்டி, இப்போது இருபது வருட வழக்கையும் வைரவன் விட்டுக்கொடுத்துவிட்டார். சாகப் போகிறவனுக்குத்தானே இதையெல்லாம் செய்வார்கள்.

வைரவனுக்கும் அது புரிந்துவிட்டது. மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சும்மா சொன்னேண்ணே" என்றார். "எவன் போனான்? கொட்டகைக்குள்ள மணலக் கொட்டிப் படம் புடிச்சிருக்கான். அத நம்புறதுக்கு ஒங்கள மாதிரி ஒரு ஆளு."

இழுத்த வாயின் நல்ல பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை, கோபம் மட்டும். பிடியை விட்ட கை மெத்தையில் ஓங்கி ஓர் அடி அடித்தது.

"ஆங், அப்புடி வாங்க" என்று சொல்லிவிட்டு வைரவன் வலது கன்னத்துக்குப் போனார்.

மறுநாள் வேன் போய்விட்டது. இப்போதும் சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்காலி துடைக்கப்படுகிறது. வைரவன் கொழும்புக்குப் போன் போடுவார். விஜிதரன் அதை அப்பாவின் காதில் வைத்துப் பிடிப்பானாம். எனக்குக் கேட்பது ஒரு பக்கம்தான். "யாரும் போவலண்ணே" என்பார் வைரவன். பிறகு ஒரு பெரிய பதிலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார்.

அந்தப் பக்கமிருந்து ஏதாவது வருகிறதா என்று நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வரும்.

"இல்லண்ணே. நீங்க என்னா சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."