குதிரை நாட்டுக்குப் பிரியாவிடை

எனக்கு முதல் என்னுடைய முதுகுதான் ஓய்வு பெற்றது. ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் வருடக்கணக்காகத் தட்டுகள் அடுக்கிய முதுகு, ஒருநாள் குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார், அரசாங்க அலுவலகத்துக்காரர் யோசித்துப் பார்த்தார்கள், கடைசியில் ஐம்பதைத் தாண்டிய கையோடு நான் பென்சன்காரன் ஆனேன். வேலை செய்த காலத்தில் ஓய்வு ஓய்வு என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஓய்வு கிடைத்ததும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடு. மகள் படிக்க என்று நகரத்துக்குள் அறை எடுத்துப் போய்விட்டாள். மனைவி காலையில் பாலர் பாடசாலையைத் துப்புரவாக்கப் போவாள். நான் ஜன்னலடியில் நின்று பஸ்களைப் பார்ப்பேன்.

இந்த நேரத்தில்தான் குதிரை வந்தது.

மனைவியின் அண்ணன் கனடாவில், அல்பேர்ட்டாவின் தெற்கில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பெற்றோல் நிலையம் வைத்திருந்தார். எங்கள் சனம் முழுக்க ரொறன்ரோவில் ஒரே தெருவில் குவிந்திருக்க, இவர் மட்டும் எப்படி அங்கே போய் விழுந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஊரில் பாடசாலைப் பிள்ளைகள்கூடக் குதிரை ஏறுவார்களாம். கோடையில் ரோடியோ நடக்குமாம். மச்சான் அகலத் தொப்பி போட்டு, யாரோ ஒருவருடைய குதிரையின் பக்கத்தில் நின்று எடுத்த படம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே இருந்தது. படத்தில் குதிரை சிரித்த மாதிரி இருந்தது. மச்சான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் எடுப்பார். எங்கள் ஆட்கள் தொலைபேசியை வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாரிசிலிருந்து எடுத்தாலும் லண்டனிலிருந்து எடுத்தாலும் கடைசி வசனம் ஒன்றுதான்: "பேசாமல் இஞ்சை வந்து எங்களோடை இருங்கோவன்." அதற்குப் பதிலும் ஒன்றுதான்: "ஓம், வரத்தானே வேணும்." அவர்களும் வைப்பார்கள், நாங்களும் வைப்போம். கடிதத்தின் அடியில் "இப்படிக்கு அன்புள்ள" என்று எழுதுவது போல. அன்பு எவ்வளவு என்று யாரும் எழும்பி நின்று கேட்பதில்லை.

அந்த ஞாயிறு மச்சான் வழக்கம்போலச் சொன்னார். மனைவி வழக்கத்தை விட்டுவிட்டாள்.

"எப்ப வாறது, அண்ணை?"

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு லொறி போகும் சத்தம் கேட்டது. பிறகு, "எப்பவும் வரலாம்தானே தங்கச்சி. உங்கடை வீடு மாதிரித்தானே. பக்கத்திலை ஒரு சின்ன வீடும் சும்மாதான் கிடக்கு" என்றார்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பயணப் பெட்டிகள் தெரிந்தன.

அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் பாடசாலைச் சீருடையோடு நிற்கும்போது அண்ணன் நாட்டை விட்டுப் போனவர். அதன்பிறகு இருவரும் ஒன்றாக இருந்தது ஒரு கல்யாணத்தில், அதுவும் சோடனைக்காரனும் சமையல்காரனும் நடுவே நின்ற சில நாட்கள். தாய் தகப்பனும் இல்லை. "எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாமப்பா," என்றாள். "திரும்பிப் போற திகதியைப் பாக்காமல் அண்ணையோடை இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும். அவ்வளவுதான்."

அந்தத் தேத்தண்ணியைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஊற்றிக் கொட்டினோம்.

எனக்கு மிருகங்களோடு ஒத்துவராது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அதற்கு நான் நோர்வே மொழியில், நொர்ஸ்க்கில், மன்னிப்புக் கேட்பவன். பயம் வந்தால் மற்றவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள், நான் பகிடி விடுவேன். ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவே, "நான் கௌபோயாகப் போறன், இனி என்னோடை கதைக்கிறதெண்டால் மாட்டைப் பிடிச்சு அதிலை எழுதி அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கிழமை ஒஸ்லோவில் இருக்கிற தமிழர் அரைவாசிப் பேருக்கு நாங்கள் கனடா போவது தெரிந்துவிட்டது. மேல்மாடியில் குடியிருந்த தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர்காரத் தம்பி படியில் மறித்தார். "சார், நீங்க கௌபாய் ஆகப்போறீங்களாமே? சூப்பர் சார். துப்பாக்கி எல்லாம் குடுப்பாங்களா?" தங்கள் ஊர்த் தொழில்நுட்பத்தைப் போல இதையும் அவர் முழுசாக நம்பினார்.

மச்சான் ரோடியோ வீடியோ ஒன்று அனுப்பியிருந்தார். காளை ஒரு மனிதனை மேலே எறிகிறது. சனம் கைதட்டுகிறது. அந்த மனிதன் காளையில் எவ்வளவு நேரம் இருந்தான் என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் அவன் எவ்வளவு உயரம் போனான் என்று பார்த்தேன்.

என்னுடைய நம்பிக்கை முழுவதும் மச்சானில்தான் இருந்தது. அவர் புத்தியுள்ள மனுசன், எப்படியும் மறுப்பார் என்று நினைத்தேன். நானாக மாட்டேன் என்று சொன்னால் அவளுடைய அண்ணன் உறவை நான் வெட்டிவிட்டதாகப் போகும். ஆகவே அவருக்குக் கதவு கதவாகத் திறந்து கொடுத்தேன்.

"அங்கை குளிர் கடுமையோ, மச்சான்?"

"உங்கையை விடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா நீங்கள் பழகின ஆக்கள்தானே."

"உங்கடை தங்கச்சிக்கு இடுப்பு நோ இருக்கு. தூரப் பயணம்..."

"ஓம் ஓம், ஆறுதலா வாங்கோ."

பிறகு அவர் தொடங்குவார். "இஞ்சை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை, தெரியும்தானே. கோயில் இல்லை. நல்ல மீன் கிடையாது. வடிவா யோசிச்சனீங்களோ?"

"மீன் இல்லாட்டி என்ன, மாடு நிக்குதுதானே," என்பேன் நான். வாய் சும்மா கிடக்காது.

எவ்வளவு அக்கறையான மனுசன், நாங்கள் வந்து கஷ்டப்படக்கூடாதென்று முதலே சொல்லி வைக்கிறார் என்று மனைவி உருகினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"குதிரை ஏறத் தெரியாட்டி இஞ்சை பெடியள் சிரிப்பாங்கள்," என்றார் இன்னொரு நாள். அது போதும் என்று நினைத்தேன். முதுகைக் காட்டித் தப்பலாம். என்னுடைய முதுகுக்கு வைத்தியம் பார்க்கும் பெண்ணிடம், "குதிரை ஏறினால் என் முதுகு முறிந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று, மனைவியையும் வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த வைத்தியக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. மெதுவாக நடக்கும் குதிரை முதுகுக்கு மிக நல்லதாம். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு குதிரைப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். விலாசத்தையும் எழுதித் தந்தாள்.

நோர்வேயில் குதிரை ஏறப் படிப்பது சின்னப் பெண்பிள்ளைகள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மணல் கொட்டிய மண்டபம். பல்லு விழுந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில், தலைக்குக் காணாத ஹெல்மெட்டோடு நான். படிப்பித்தவளுக்கு என் மகளின் வயது. எனக்குத் தந்தது குட்டையான, தடித்த, மங்கல் மஞ்சள் நிறக் குதிரை. பிடரி மயிரைப் பொலிஸ்காரனுக்குப் போல வெட்டி நிமிர்த்தி விட்டிருந்தார்கள். முக்காலி வைத்து என்னை ஏற்றினார்கள். கீழே பார்த்தேன். குட்டைக் குதிரை என்றவர்கள் அதன் மேலே இருந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

அது நாலடி நடந்து நின்றுவிட்டது. வார்களை இழுத்தேன், அது தலையைத் திருப்பி என் முழங்காலைப் பார்த்தது. "போ ராசா, போ," என்றேன். தமிழ் விளங்கவில்லை. நொர்ஸ்க்கில் சொன்னேன், அதுவும் என் உச்சரிப்பில் அதற்கு விளங்கவில்லை. பின்னால் வந்த குதிரைகள் எல்லாம் நின்றன. ஒரு பிள்ளை மிகுந்த மரியாதையோடு, பயப்படவேண்டாம், அது கிழட்டுக் குதிரை என்று எனக்குச் சொன்னது. எனக்குக் காதுக்குள் இரைந்தது. இறங்கவும் முடியவில்லை. கால் அங்கவடிக்குள் விறைத்துவிட்டது. கிழட்டுக் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நான் என்ன பகிடி விடலாம் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை.

வேலிக்கு வெளியே என் ஜாக்கெட்டோடு நின்ற மனைவி உள்ளே வந்தாள். குதிரையின் கன்னத்தில் கையை வைத்தாள். அது நடந்தது.

"நீங்கள் ஏறிப் பார்க்கிறீர்களா?" என்று படிப்பித்தவள் கேட்டாள். முக்காலிக்குக்கூட மனைவி காத்திருக்கவில்லை. பனிக்காலச் சப்பாத்தோடு காலைப் போட்டு ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அவளுடைய தோள்கள் இறங்கி, முகத்தில் நான் கல்யாணம் செய்த காலத்துக்கு முந்திய ஒரு பெண் தெரிந்தாள்.

"சைக்கிள் மாதிரித்தானப்பா," என்றாள் இறங்கி வந்து. "கீழை பாக்காமல் முன்னுக்குப் பாத்தாச் சரி."

அடுத்த கிழமையிலிருந்து அவளுடைய ஜாக்கெட்டை நான் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டை விற்கத்தான் வேண்டும் என்று நின்றாள். முதலில் விசிட் விசாவில் போய் இருந்து பார்ப்போம், மிச்சத்தை அங்கே போய் யோசிப்போம், வீடு கிடக்கட்டும் என்றேன். "இது கிடந்தா நீங்கள் ஒரு மாதத்திலை திரும்பி ஓடி வந்திடுவியள். எனக்கு உங்களைத் தெரியும்." தெரியும்தான். வீடு போயிற்று. மகள் வந்து சாமான் கட்டும்போது, "அப்பா, நீங்கள் உண்மையாவே போகப்போறியளோ? நான் எல்லாரிட்டையும் அது பகிடி எண்டல்லோ சொல்லிவைச்சனான்," என்றாள். மகளே பகிடி என்றுதான் நினைத்திருக்கிறாள்.

பிறகு பிரியாவிடை விருந்துகள். எங்கள் சனத்தில் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்றவர் வீட்டில் சாப்பிடாமல் போகமுடியாது. ஹொல்ம்லியாவில் நண்டு, லோறென்ஸ்கூக்கில் ஆட்டிறைச்சி, திரும்ப ஹொல்ம்லியாவில், முதல் வீட்டுக்குப் போட்டியாக, நண்டும் ஆட்டிறைச்சியும். போன இடமெல்லாம் சூட்கேஸ் பரிசு. கடைசியில் மண்டபம் எடுத்து, மேடையில் ஏற்றி, எனக்கு ஒரு கௌபோய்த் தொப்பி போட்டுவிட்டார்கள். சிலர் கண் கலங்கினார்கள். பெரிய ஃபிறீசரையும், இடியப்ப உரல்களையும், கறிச் சட்டிகளையும் மனைவி பிரித்துக் கொடுத்தாள். சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஈடாக இனி நாங்கள் கட்டாயம் நாட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்.

பயணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்க, அவளைக் குதிரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவளுடைய ஜாக்கெட்டோடு லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்துக்குக் கோப்பி குடிக்கப் போனபோது என் கைத்தொலைபேசி அடித்தது. மச்சான் எப்போதும் வீட்டுக்குத்தான் எடுப்பார்.

"தங்கச்சி பக்கத்திலையோ?"

"இல்லை. குதிரைக்குப் போட்டா."

"என்னது?"

"குதிரை ஓடப் போயிருக்கிறா. சொல்லுங்கோ."

கொஞ்சம் செருமினார். "பெற்றோல் ஸ்டேசனை வித்துக் குடுத்திட்டன், மச்சான். நாங்கள் ரொறன்ரோவுக்குப் போறம். பிள்ளையள் அங்கைதானே. இஞ்சை இருந்து என்ன செய்யிறது, கதைக்க ஒரு சனம் இல்லை."

"எப்ப குடுத்தனீங்கள்?"

"கதை போன மாரியே துவங்கினது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் எப்பிடியும் வரமாட்டீர் எண்டு நினைச்சன். உமக்கு நாயெண்டாலே பயம். நீர் மாட்டன் எண்டு சொன்னாப் பிறகு சொல்லுவமெண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீர் பகிடி விட்டுக்கொண்டே இருந்தீர்."

"நானும் நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

 எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அதற்கு முதல் வந்தது வேறு. நெஞ்சுக்குள் இருந்த குதிரை இறங்கிப் போனது. அந்தச் சுகம் எனக்கு இப்போதும் வாயில் கசக்கிறது.

"தங்கச்சிக்கு நீரே சொல்லிவிடும்."

"உங்கடை தங்கச்சி. நீங்களே சொல்லுங்கோ."

"நீர்தான் பகிடியாச் சொல்லுவீர். அவ தாங்குவா." பிறகு, தொலைபேசியை வைக்கும் நேரம் வந்துவிட்டதல்லவா, அவர் வாயில் அது தானாக வந்தது. "பேசாமல் ரொறன்ரோவுக்கு வந்து எங்களோடை இருங்கோவன்."

"ஓம், வரத்தானே வேணும்," என்றேன்.

லாயத்துக்குப் போனபோது அவள் இன்னும் மேலேதான் இருந்தாள். வேலியடியில் நின்று கையைக் காட்டினேன், வந்தாள். குதிரையில் இருப்பவர்களிடம் கெட்ட செய்தி சொல்லும்போது அண்ணாந்துதான் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னேன். பிறகு பழக்கதோஷத்தில், "ரொறன்ரோவிலையும் குதிரை இருக்காம், பொலிசிட்டை," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அண்ணனைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள். குதிரையைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கம் போனாள். ஜாக்கெட்டோடு நான் நின்றேன். குளிர்ந்தது, ஆனால் அவளுடையதைப் போட எனக்குத் துணிவு வரவில்லை.

லில்லெஸ்ட்ரோமில், கடைக்கு மேலே, இரண்டு அறை வீடு ஒன்று எடுத்தோம். தமிழ்க் கடைக்குப் போனால், "இன்னும் போகேல்லையோ?" என்று நண்டு போட்டவர்கள் கேட்கிறார்கள். எங்களுடைய ஃபிறீசரைக்கூட ஒருவர் வீட்டில் கண்டேன். நிறைய ஆட்டிறைச்சி இருந்தது. சூட்கேஸ்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, தொப்பி எல்லாவற்றுக்கும் உள்ளே.

மச்சான் இப்போதும் ஞாயிறில் எடுக்கிறார். அவள் கதைப்பாள்: பிள்ளைகள் எப்படி, பிரஷர் எப்படி, மழையோ. கதை முடியும் இடம் அவளுக்குத் தெரியும். அந்த வசனத்துக்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் கார்த் திறப்பை எடுப்பாள். முன்பு நான்தான் அவளைக் குதிரைக்குக் காரில் கொண்டுபோய் விட்டு, வேலியடியில் நிற்பேன். இப்போது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே குதிரை ஓடப் பழகிவிட்டாளாம்.

"பேசாமல் இஞ்சை வந்து..." என்கிறார் மச்சான்.

கீழே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கிறது. ஜன்னலடியில் நின்றுகொண்டு, ஓம், வரத்தானே வேணும் என்கிறேன்.