எலுமிச்சைக்கு ஊற்றிய தண்ணீர்

சித்தூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு வண்டியில் கேன்களை ஏற்றினால் மதியம் வரை மாடிப்படிகள்தான். எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளுக்கு நான்தான் போடுகிறேன். தெருக் குழாயில் கோடை வந்துவிட்டால் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

வீட்டுக்கு முன்னால் பத்தடி மண் இருக்கிறது. அதில் கீரை, கத்திரி, முருங்கை, ஓர் எலுமிச்சை. எல்லாம் மனைவி வைத்தவை. அரிசி கழுவிய தண்ணீர் கீரைக்கு, காய் கழுவியது கத்திரிக்கு என்று அவள் பிரித்து ஊற்றுவாள். வெயில் மண்ணில் படாமல் இருக்கத் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து வைப்பாள். எலுமிச்சையை விதை போட்டு வளர்த்தாள். ஆறு வருடம் முள்ளும் இலையுமாகவே நின்றது. பாகாலாவிலிருந்து வரும் அவள் அக்கா ஒவ்வொரு முறையும், "செடி வளக்கிறியா, வெறகு வளக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

போன மாசி மாதம் அது மொட்டு விட்டது. மனைவி அன்றே அக்காவுக்குப் போன் செய்து, இந்த வருடம் ஊறுகாய் நம்ம வீட்டுக் காயில்தான் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வெயில் ஏறியது. கழுவிய தண்ணீர் போதவில்லை. கேன் நிரப்பும் இடத்தில், தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒரு பங்கு தண்ணீரைத் தனியாக ஒரு குழாயில் சாக்கடைக்கு விடும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். வீணாகப் போகிறதே என்று தினமும் இரண்டு கேனில் பிடித்துக்கொண்டு வந்தேன். கழிவுத் தண்ணீர் என்று மனைவியிடம் சொல்லவில்லை. நல்ல தண்ணீர் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் அப்படியே விட்டுவிட்டேன். எது பிரியமோ அதற்குத்தானே அதிகம் ஊற்றுவோம். ஒன்றரைக் கேன் எலுமிச்சைக்கே போனது.

மூன்று வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. மட்டையைத் தூக்கிப் பார்த்தால் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூக்கள் தினமும் கீழே கிடந்தன. வெயில்தான் காரணம் என்று அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

திருப்பதியிலிருந்து மெஷின் பார்க்க வந்த மெக்கானிக், நான் கேன் பிடிப்பதைப் பார்த்து எதற்கு என்றார். செடிக்கு என்றேன்.

"அண்ணா, ஊரு உப்பு பூரா அதுலதான் எறங்குது. செடிக்கா ஊத்திக்கினு இருக்கீங்க?"

அன்று சாயங்காலம் காலி வண்டியோடு வந்தேன். மனைவியிடம் சொல்வதற்கு ஒரு மணி நேரம் ஆனது. எதையும் சீக்கிரம் சொல்ல வராது எனக்கு. அவள் கேட்டுக்கொண்டே மண்ணைக் கிளறினாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா உப்பு தாங்குற முருங்கைக்கு ஊத்தியிருப்பேனே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மேல்மண்ணைச் சுரண்டி அள்ளி வெளியே போட்டோம். குழாய் வந்த நாளில் இரண்டு பேரும் குளிக்காமல் அந்தத் தண்ணீர் முழுவதையும் எலுமிச்சைக்கு விட்டோம், உப்பு கீழே இறங்கட்டும் என்று. மறுபடி குழாய் வர நான்கு நாள் ஆகும்.

பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும் ஏசியிலிருந்து தண்ணீர் சந்தில் சொட்டிக்கொண்டிருக்கும். அதில் உப்பு இருக்காது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். எட்டு வருடமாக அவருக்குக் கேன் போடுகிறேன். வைத்துவிட்டு, காலிக் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டு நாள் கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பினேன். மூன்றாம் நாள் அவரே கதவில் நின்று ஏன் நிற்கிறேன் என்று கேட்டார். ஏசித் தண்ணீர் வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"எட்டு வருசமா வர்றீங்க. ஊமைன்னு நெனச்சுட்டேன் அண்ணா" என்று சிரித்தார். "தீஸ்கோண்டி, எடுத்துக்கோங்க. எனக்கு என்னா, சந்து நனையாம இருந்தா சரி."

ஏசிக் குழாயை நீட்டி ஒரு கேனுக்குள் விட்டேன். ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் காலையில் அரைக் கேன் இருக்கும். மற்ற வீடுகளுக்குப் போகும் முன் அதைக் கொண்டுவந்து எலுமிச்சைக்கு ஊற்றுவேன். இடுப்பு விட்டுப்போனாலும் அந்தக் கேன் மட்டும் தவறவில்லை.

மரம் சாகவில்லை. ஆனி மாதம் ஒரு மழை பெய்த பிறகு நுனியில் இரண்டு மூன்று துளிர் வந்தது. காய் ஒன்றுகூட நிற்கவில்லை.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள். ஊறுகாய் என்ன ஆச்சு என்று கேட்பது எனக்கும் கேட்டது. நான் வாசலில் மட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

"வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டிப்போச்சுக்கா" என்றாள் மனைவி. "வெறகுதான் இன்னும். வந்து பாத்துக்கோ."

நான் நிமிரவில்லை.