படிகாரம் போட்ட தண்ணீர்

திருவொற்றியூருக்கு மேற்கே, கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையைத் தாண்டினால் கோரைத்தாங்கல். பெயரைக் கேட்டு ஏரி பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வருஷத்தில் ஒன்பது மாதம் அங்கே கோரையும் எருமையும்தான். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தை ஊருக்குள் விடாமல் தாங்கி, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்த வேலையைச் செய்வது ஒரு மண்கரை. எந்தக் காலத்திலோ செங்குன்றம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டிக் கட்டியது. இப்போது அதன் முதுகில் வேலிக்காத்தான், வயிற்றில் எலி வளை, காலடியில் ஏழு வீடுகள்.

ஏழில் கடைசி வீடு கெங்கம்மாவுடையது. காசிமேட்டில் மீன் வெட்டிக் கழுவிக் கொடுத்தே கை வெளுத்துப்போனவள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை வேண்டும் என்று அவள் புருஷன் ஜெயவேல் கரையின் அடிவயிற்றை வெட்டினான். எல்லோரும்தான் வெட்டினார்கள். அவன் இரண்டு முழம் கூடுதலாக வெட்டினான், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அந்த அறை மூலையில் ஓர் ஊற்று கிளம்பியது. தெளிந்த தண்ணீர். கல்கண்டு மாதிரி இனித்தது.

அந்தப் பக்கத்தில் எங்கே போர் போட்டாலும் உப்பும் எண்ணெய் வாடையும்தான் வரும். அங்கே நல்ல தண்ணீர் என்றால் சும்மாவா? ஜனங்கள் குடத்தோடு வந்தார்கள். யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். இன்னொருத்தர் குங்குமம் வைத்தார். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். ஜெயவேல் போய்ச் சேர்ந்த பிறகும் பதின்மூன்று வருஷமாகக் கெங்கம்மா வீட்டுக் கதவு பூட்டியதில்லை. ஒரு குடத்துக்கும் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. அதில் அவளுக்கு மகா கர்வம். மீன்காரி என்று மூக்கைப் பிடித்தவர்களே ‘ஊத்துக்காரம்மா’ என்று கும்பிட்டார்கள். கும்பிட்டுப் பழகிய கையைவிடக் கும்பிடு வாங்கிப் பழகிய முகம் பொல்லாதது.

கரையைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷாகுல் ஹமீது முதல் வருஷமே வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். இது அம்மனும் இல்லை, அற்புதமும் இல்லை, கரைக்குள்ளிருந்து கசிகிற தண்ணீர். பழைய கரை கசியத்தான் செய்யும். தெளிவாக வருகிறவரை பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். அவளும் தலையை ஆட்டினாள்.

போன ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றித் தாங்கல் முக்கால் கரைக்கு நிறைந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குடத்தைச் சரித்தபோது அடியில் விரல் கனத்துக்குச் செம்மண். அந்தப் பகுதி மண் கறுப்பு மணல். சிவப்பு மண் கரையின் வயிற்றில் மட்டும்தான் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

சொன்னால் ஏழு வீடும் போகும். புல்டோசர் வரும், ஊற்றை அடைப்பார்கள். ஏழு குடும்பத்துக்காகத்தான் வாயை மூடினேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். ஊற்று போனால் நாளைக்கு அவளை யார் கும்பிடுவார்கள்? அந்த அற்பக் கவலைதான் அவள் நாக்கைக் கட்டிப்போட்டது.

மளிகைக் கடையில் படிகாரம் வாங்கினாள். ஊற்றுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி விட்டால் ஒரு மணி நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதை மொண்டு எல்லோருக்கும் கொடுத்தாள். ஊற்றின் மேல் பலகையைப் போட்டு மூடி, அம்மனுக்குத் தீட்டு, யாரும் பின்னறைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

எதிர்ச் சந்தில், எல்லா வீட்டுக்கும் பள்ளத்தில் இருப்பது ஃப்ளோராவின் வீடு. கெங்கம்மாவுக்கு இருபது வருஷச் சிநேகிதி. ஃப்ளோராவின் மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட தினமும் இரண்டு குடம் இங்கிருந்துதான். ஐந்தாம் நாள் ஃப்ளோரா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“தண்ணி துவர்க்குதே யக்கா. படிகாரம் கிடிகாரம் போட்டியா இன்னா?”

“அம்மா மேல சத்தியமா இல்ல” என்று கெங்கம்மா மஞ்சள் கல் இருக்கும் திசையில் கையை நீட்டினாள். ஃப்ளோரா சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அந்தச் சத்தியத்தை நம்பிப் போனாள். என்ன ஜென்மம் இது என்று கெங்கம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாளே தவிர, மறுநாளும் படிகாரம் போட்டாள்.

எட்டாம் நாள் காலையில் தாங்கலில் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. பள்ளத்தில் இருக்கிற ஜனங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று ஃப்ளோரா ஆட்டோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். ஷாகுல் ஹமீது ரெயின்கோட்டோடு கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டுக் கெங்கம்மா வீட்டு வாசலுக்கு வந்தார். தீட்டு என்றதும் உள்ளே வராமல் அங்கேயே நின்று, தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். அவள் டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு குடித்தே விட்டார்.

அவர் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

கரைமேல் ஏறிய ஷாகுல் ஹமீது சந்துப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஊத்துக்காரம்மா வீட்டுத் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது, கரைக்கு ஒன்றுமில்லை, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் அலைய வேண்டாம் என்றார். ஃப்ளோரா ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். மூட்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பழைய புடவையை எடுத்து, மறுபடியும் தூளி கட்டினாள்.

கெங்கம்மா தன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளுடைய பொய் இப்போது இன்னொருத்தர் வாயிலிருந்து வந்து, அந்தக் குழந்தையைக் கரையின் காலடியில் தூங்க வைக்கிறது.

டிரம்மைக் கவிழ்த்து, அடியில் இருந்த சேற்றை அலுமினியச் சட்டியில் வழித்துக்கொண்டு ஓடினாள். கரையில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தாள். சட்டியை விடவில்லை.

“பாய், நில்லு பாய். நீ குட்ச்சது படிகாரத் தண்ணி. ஊத்துல வர்றது இதான்.”

ஷாகுல் ஹமீது அந்தச் சேற்றை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“எத்தினி நாளா?”

“எட்டு நாளா.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ, தீட்டுன்னா இன்னா, உள்ள வந்து பார்த்திருக்கணும், என் தப்பு என்று முணுமுணுத்தபடி போனை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் சந்து காலியானது. குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போனது. மதகை முழுக்கத் திறந்தார்கள். பின்னறைச் சுவரை இடித்து, ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் ஜல்லியும் போட்டார்கள். தண்ணீர் வந்தது, மண் நின்றது. சிமென்ட் போட்டு அடைத்துவிடலாம் என்று அவள் ஒருநாள் நினைத்திருந்தாள். அப்படி அடைத்திருந்தால் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போயிருக்கும் என்று ஷாகுல் ஹமீது சொன்னார். இன்னும் ஒரு ராத்திரி கரை தாங்கியிருக்காது என்றும் சொன்னார்.

கரை பிழைத்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் நலச் சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கெங்கம்மாவைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். தன் வீடு போனாலும் பரவாயில்லை என்று உடனே ஓடி வந்து சொன்ன தாய் என்று மைக்கில் புகழ்ந்தார்கள். எட்டு நாள் கதையை ஷாகுல் ஹமீது யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். ஃப்ளோரா மேடை ஏறி வந்து, அழுதுகொண்டே குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். சர்ச்சில் இவள் பேரை வைக்க முடியாட்டியும் இவள் கையால் ஒரு ஆசீர்வாதம் வேண்டும் என்றாள். குழந்தை சூடாக, கனமில்லாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்தக் கும்பிடு ஆயுசுக்கும் போதும். சால்வை கழுத்தில் அரித்தது.

“உடனே ஒண்ணும் சொல்லல” என்றாள் கெங்கம்மா. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “எட்டு நாளு மறைச்சிக்கினு இருந்தேன். கொழந்தைக்கும் அந்தத் தண்ணிதான் குட்த்தேன்.”

கைதட்டல் நின்றது. சங்கத்துக்காரர் மைக்கை அணைத்தார். ஃப்ளோரா குழந்தையின் தலைக்கடியில் கையைக் கொடுத்து, பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

“படிகாரம் போட்டியான்னு கேட்டேனே யக்கா” என்றாள்.

அவ்வளவுதான். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கெங்கம்மாவின் கை இரண்டும், குழந்தையைத் தாங்கிய வாக்கிலேயே நீண்டிருந்தன.