அக்காவின் நான்கு பற்கள்

புகைப்படத்தின் பின்புறம் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அக்கா. 1993 ஐப்பசி. பெருந்துறைக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள்." எந்தப் படத்தையும் நான் தேதி குறிக்காமல் விட்டதில்லை. முன்புறத்தில் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேல்வரிசையில் நான்கு பற்கள் சற்றே துருத்திக்கொண்டு, வலுவாக, வெள்ளையாக இருக்கின்றன. அவை அவள் வாயில் இருக்கும் கடைசிப் படம் இதுதான்.

அந்த வாரமே தரகர் வந்து, மாப்பிள்ளை வீட்டில் பல்லைப் பற்றிப் பேச்சு வந்ததாகச் சொன்னார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் முடிவெடுப்பவர் பெரியப்பா. கருமத்தம்பட்டியிலிருந்து எங்கள் இருவரையும் கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். கிளிப் போட்டால் பற்கள் வரிசைக்கு வந்துவிடும், இரண்டு வருடமாகும் என்றார் டாக்டர். கல்யாணம் தை மாதம். பிடுங்கிவிட்டுச் செட் வைத்தால் எத்தனை நாளாகும் என்று பெரியப்பா கேட்டார். டாக்டர் தயங்கினார், பிறகு சம்மதித்தார். தயங்கியவர் என்பதற்காக அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. தவறென்று தெரிந்ததால்தானே தயங்கினார்?

"ஒண்ணுகூட ஆடலீங்க பெரியப்பா. சொத்தையும் இல்லீங்க," என்றாள் அக்கா.

"பல்லு போனா செட்டு மாட்டிக்கலாம் கண்ணு. இந்த எடம் போனா எதை மாட்டறது?" என்று சிரித்தார் அவர்.

தை மாதம் அக்கா உதட்டை மூடியபடி மணமேடையில் உட்கார்ந்தாள். சீர்முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்றாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் கை வாய்க்குப் போனது.

1998இல் ஈறு வற்றிச் செட் தளர்ந்துவிட்டது. புதிதாகச் செய்ய அக்காவும் அவள் கணவரும் நானும் கோயமுத்தூர் போனோம். அக்கா உள்ளே போனதும், பெஞ்சில் என் பக்கத்திலிருந்த மச்சான் மெதுவாகச் சொன்னார்:

"சொத்தைன்னு எடுத்துப்போட்டதா உங்க பெரியப்பா சொன்னாரு அம்மணி. அந்தப் பல்லு தெரிய உங்கக்கா சிரிச்சதப் பாத்துத்தான் நான் சரின்னே சொன்னேன்."

பல்லைப் பற்றிப் பேச்சை எடுத்தது யாரென்று விடாமல் விசாரித்தேன். மாப்பிள்ளையின் அத்தை சொன்னதாகத் தரகர் சொன்னார். தான் வாயே திறக்கவில்லை என்றார் அத்தை. பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்றார் பெரியப்பா.

இன்று சரவணம்பட்டியில் கல்லூரிப் பெண்கள் கிளிப் தெரியச் சிரித்தபடி பஸ் ஏறுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். கோபம்தான் வருகிறது.

அக்காவின் பல்லைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் முதலில் பேசியது யார் என்பது இதுவரை உறுதிப்படவில்லை. அப்படியொரு பேச்சு வந்ததா என்பதே உறுதிப்படவில்லை.