கொடிக்காரி கடலில் இறங்கிய நாள்

என் நாத்தனாரை எங்கள் கரையில் எல்லாரும் கொடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பெரிய பட்டத்தின் கயிறு, காலுக்குக் கீழே பலகை, பட்டம் இழுக்க இழுக்க அலை மேல் ஏறி இறங்குகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு வருடம் ஒருமுறை இங்கே போட்டி நடத்துகிறவள் அவள்தான். பச்சைக் கொடி ஏற்றினால் ஆட்டம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் கரைக்குத் திரும்ப வேண்டும். போட்டி நாட்களில் மூன்று கொடியும் அவள் தோளிலேயே கிடக்கும்.

கிழிந்த பட்டங்களைத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டில் கிடக்க வேண்டிய இடத்தில் நீள மேசையும் தையல் மிஷினும் இருக்கின்றன. ஒரு பட்டத்தை விரித்தால் மேசையில் தொடங்கி சன்னலுக்கு வெளியே தொங்கும். பசை வாடை போர்வை வரைக்கும் ஏறியிருக்கும். பட்டத்துக்குள் காற்று அடைக்கிற குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், கன்னத்தை அதன் மேல் ஓட்டிக் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். கேட்டால், "அண்ணன் ஒருத்தரைச் சமாளிக்கிறதே போதும் அண்ணி" என்பாள்.

ஒவ்வொரு வருடமும் போட்டியில் தன் பெயரையும் சேர்ப்பாள். ஆனால் ஒரு வருடமும் இறங்கியதில்லை. அவள் முறை வருகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோகும். இல்லையென்றால் குடிதண்ணீர் வண்டி மணலில் புதைந்துவிடும். போன வருடம் யாருக்கோ தோள்பட்டை இறங்கிவிட, அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் திரும்பி வருவதற்குள் பரிசே கொடுத்து முடித்துவிட்டார்கள்.

இந்த வருடம் சாமான்களை ஏற்றும்போது, மேடைக் குழாய் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"முட்டி கெஞ்சுது அண்ணி. இந்தத் தடவை ஒரே ஒரு அலையாவது ஏறிடணும். முடியலைன்னா பலகையை யாருக்காவது கொடுத்துட்டு, கொடியோட நின்னுக்கறேன்."

"உனக்காக வேண்டிக்கறேன்."

"அலைக்கு வேண்டிக்காதீங்க. யாருக்கும் கைகால் போகாம இருக்கணும்னு வேண்டிக்கங்க. அலை கிடைச்சா அது போனஸ்."

நான் இரண்டுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். கடவுளுக்கு அதில் என்ன சிரமம்?

கரைக்குச் சரியான பாதை கிடையாது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மணல்தான். கூடாரம், தண்ணீர் டிரம், ஜெனரேட்டர், நடுவர்கள் உட்கார மேடை என்று எல்லாம் இழுபட்டுத்தான் வந்து சேர வேண்டும். காற்று எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாததால் ஒரு வாரம் ஒதுக்கி வைப்பார்கள். நல்ல காற்று வருகிற நாளில் ஆட்டம். வாரம் முழுக்க வராவிட்டால் போட்டி இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

அந்த வாரம் காற்று வரவே இல்லை. கடல் துடைத்துப் போட்ட தரை மாதிரி கிடந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் கூடாரத்தில் சீட்டாடினார்கள், சண்டை போட்டார்கள், திரும்பச் சேர்ந்து சீட்டாடினார்கள். கழிவறைத் தண்ணீர் தீர்ந்தாலும் அவளிடம் வந்தார்கள், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அவளிடம் வந்தார்கள். அவர்களில் சுருட்டைமுடிப் பையன் ஒருவன் தினமும் காலையில் வந்து நிற்பான்.

"என்னக்கா, உங்க காத்து லீவுல போயிடுச்சா?"

"மெடிக்கல் லீவு தம்பி. டாக்டர் சர்டிபிகேட்டெல்லாம் கொடுத்துட்டுத்தான் போயிருக்கு."

அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அவன் போனதும் இவள் முகத்திலிருந்த சிரிப்பும் கூடவே போய்விடும். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே டிரம்மில் சாய்ந்து தூங்கியதை நானே பார்த்தேன். வாயில் பிரஷ் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், காப்பாற்றும் படகு ஓட்டுகிறவர். "இவளுக்கு அண்ணனாப் பொறந்ததுக்கு எனக்குத்தான் கோப்பை கொடுக்கணும்" என்று முனகிக்கொண்டே எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் காலையிலும் இலை அசையவில்லை. கரையில் உதவிக்கு வந்திருந்த ஆட்கள், மறுநாள் வேலைக்குப் போகவேண்டும் என்று வண்டியேறிவிட்டார்கள். அவளும் தலையாட்டி அனுப்பிவிட்டாள். நான் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

மதியம் சாய்கிற நேரத்தில் கூடாரக் கயிறு லேசாக முனகியது. அவள் தலையைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் மணல் எங்கள் கணுக்காலில் குத்த ஆரம்பித்தது. தூரத்தில் அலை வெள்ளையாக உடைந்தது. அவள் எழுந்துபோய்ப் பச்சைக் கொடியை ஏற்றினாள்.

இந்த விளையாட்டில் பட்டத்தைத் தனியாக ஏற்றுவது ஆபத்து. காற்றடைத்த பட்டத்தை ஒருவர் கரையில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சவாரிக்காரர் கயிற்று நீளத்துக்குத் தள்ளி நின்று, எல்லாம் சரி என்றால் கட்டைவிரலைத் தூக்குவார். பிடித்தவர் விட வேண்டும். எறியக் கூடாது, சும்மா விட வேண்டும். தனியாக ஏற்றுகிறவரைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும் என்று விதி எழுதியவளே இவள்தான். உதவி ஆட்கள் போய்விட்டதால், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருக்கும் இவளே ஓடி ஓடிப் பிடித்து விட்டாள்.

அவள் சுற்று வந்தது. கொடிகளைத் தலைமை நடுவரிடம் கொடுத்தாள். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆட்டம் தொடங்க ஊதுவதும் அந்தப் பழைய விசில்தான். கூட இறங்குகிற மூன்று பேருக்கும் வழக்கம்போல இவளே பட்டத்தைப் பிடித்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, மூன்றும் மேலே போயின. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் தன் பட்டத்தின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எல்லாருக்கும் ஏற்றிவிட்டவளுக்கு ஏற்றிவிட ஆள் இல்லை. மற்றவர்கள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. அண்ணன் படகில் இருந்தார்.

மேடையிலிருந்து கண்டக்டர் கத்தினார்: "ஏம்மா, தனியா ஏத்திடாதே! விதி இருக்கு!"

"தெரியும்ணா! எழுதினதே நான்தானே! நீங்க இறங்கி வாங்களேன்!"

"நடுவர் மேடையை விட்டு இறங்கக் கூடாதுன்னும் எழுதி வெச்சிருக்கியே!"

அவள் மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுகிறதற்கும் தெம்பு வேண்டுமே. நான் அந்த நேரம் பார்த்து பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணி, பிளாஸ்கைக் கீழே வைங்க."

"டீ ஆறிடும்மா."

"ஆறட்டும். இதைப் பிடிங்க. கயித்துக்குள்ள காலை விட்டுடாதீங்க. என் கட்டைவிரலைப் பார்த்ததும் விட்டுடுங்க, அவ்வளவுதான்."

அத்தனை வருடம் அந்தத் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன், காற்றில் பிடித்ததில்லை. உள்ளே உயிர் இருக்கிற மாதிரி உதறியது. அவள் ஓடிப்போய்க் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கயிறு விறைத்தது. கடவுளே, இவள் பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று வேண்டினேன். வேண்டும்போது கண் தானாக மூடிக்கொள்ளும், அது என் பழக்கம்.

விசில் கேட்டது. திரும்பவும் கேட்டது. அப்புறம் கண்டக்டர் குரல்: "அம்மா! சாமியை அப்புறம் கும்பிடலாம்! வண்டியை விடுங்க!"

கண்ணைத் திறந்தேன். அவள் எத்தனை நேரமாகக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றாளோ, முகமே கோணிப்போயிருந்தது. விட்டேன். பட்டம் என் கையைவிட்டு நழுவி, சத்தமே இல்லாமல் மேலே போனது.

அதற்குள் சுற்றுக்கான நேரம் பாதி போய்விட்டது. முதல் அலையில் ஏறப்போய் விழுந்தாள், நுரைக்குள் காணாமல் போனாள். என் வீட்டுக்காரர் படகைத் திருப்பினார். அவள் தலை மேலே வந்தது, கையை ஆட்டி அவரைப் போகச் சொன்னாள். அடுத்தாற்போல் சுவர் மாதிரி ஒரு அலை எழுந்தது. பட்டத்தைக் கொஞ்சம் முன்னால் விட்டு, முட்டியை மடக்கி, அந்தச் சுவரின் மேலிருந்து அடி வரைக்கும் இறங்கினாள், திரும்ப ஏறினாள், மறுபடி இறங்கினாள். கரை வரைக்கும் அலை அவளைக் கீழே போடவில்லை. படகில் அண்ணன் எழுந்து நின்று கை தட்டியதில் தொப்பி கடலில் போனது. அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

சுருட்டைமுடி மணல்மேட்டிலிருந்து ஓடிவந்து அவள் பட்டத்தைப் பிடித்து இறக்கினான்.

"அக்கா, நாலாவது இடம்!"

"இந்தச் சுத்துல இறங்கினதே நாலு பேர்தான்டா. மூணு பேரை எனக்கு முன்னாடி அனுப்பி வெச்சதும் நான்தான்."

அத்தோடு போட்டியில் அவள் கணக்கு முடிந்தது. மணலில் மல்லாந்து படுத்துவிட்டாள். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். நல்லா இருக்கு அண்ணி என்றாள். தேநீரைச் சொன்னாளா, அலையைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

அதற்குள் மேட்டுப் பக்கத்திலிருந்து அடுத்த சுற்று ஆட்கள் வந்துவிட்டார்கள். "கொடிக்காரக்கா, ஏத்திவிட ஆள் வேணும்!"

முழங்கையை ஊன்றி எழப்பார்த்தாள். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"படு. நான் போறேன்."

"கண்ணை மூடிடாதீங்க அண்ணி."

"மூடலை. போகும்போதே வேண்டிக்கறேன்."

போய் ஒரு பட்டத்தை நிமிர்த்திப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது, காலிக் கோப்பையை வயிற்றின் மேல் வைத்தபடி அவள் தூங்கிவிட்டிருந்தாள். எதிரில் சுருட்டைமுடி கட்டைவிரலைத் தூக்கினான். நான் விட்டேன்.